தாடியஸ் ஸ்டீவன்ஸ் விட்டுக்கொடுக்காதவர் என்பது சரியா?

பிப்ரவரி 3: இழையைத் தொடங்கிய வாசகர்

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வழக்கறிஞராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த தாடியஸ் ஸ்டீவன்ஸைப் பற்றிப் படிக்கும் இடமெல்லாம், அடிமை முறையை ஒழிப்பதில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்காத மனிதர் என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1821-இல் அவர் ஓர் அடிமைப் பெண்ணின் விடுதலைக் கோரிக்கையை எதிர்த்து, உடைமையாளரின் பக்கம் நின்று வாதாடி வென்றிருக்கிறார். அப்படியானால் கொள்கை என்பது பிற்காலத்தில் அரசியலுக்காக அவர் எடுத்துக்கொண்டதா? நீதிமன்ற அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் கேட்க விரும்புகிறேன்.

பிப்ரவரி 3, இரவு: பதில் எழுதும் முன்னாள் ஜூனியர் வழக்கறிஞர் (இனி வரும் குறிப்புகளும் அவருடையவை)

வழக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அந்த வழக்கைப் புரிந்துகொள்ளாமல் அவருடைய பிற்கால வாழ்க்கையைப் பற்றி எதுவும் பேச முடியாது. பென்சில்வேனியா 1780-இல் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை இயற்றியது. வெளி மாநிலத்திலிருந்து உடைமையாளர் ஓர் அடிமையைக் கொண்டுவந்து ஆறு மாதங்களுக்கு மேல் அங்கே வைத்திருந்தால், அந்த அடிமை விடுதலை பெறுவார் என்பது அதன் ஒரு பகுதி. மேரிலாந்தைச் சேர்ந்த சேரிட்டி பட்லர் என்ற பெண், தம்மைப் பலமுறை பென்சில்வேனியாவுக்கு அழைத்துச் சென்றதாகவும், அந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதங்களைத் தாண்டும் என்பதால் தாமும் தம் குழந்தைகளும் விடுதலை பெற்றவர்கள் என்றும் கோரினார். உடைமையாளருக்காக வாதாடிய ஸ்டீவன்ஸ், ஆறு மாதம் என்றால் இடைவிடாத ஆறு மாதம், விட்டுவிட்டு வந்துபோன நாட்களைக் கூட்டிக் கணக்கிடச் சட்டம் இடம் தரவில்லை என்றார். மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சேரிட்டி பட்லர் அடிமையாகவே திரும்ப வேண்டியதாயிற்று.

அப்போது ஸ்டீவன்ஸுக்கு வயது 29. கெட்டிஸ்பர்க்கில் தொழில் தொடங்கி ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த ஊர் மேரிலாந்து எல்லைக்கு மிக அருகில் இருந்ததால், எல்லையைக் கடந்த அடிமைகளைப் பற்றிய வழக்குகள் அங்கே வந்துகொண்டே இருந்தன.

நான் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் சில ஆண்டுகள் ஜூனியராக இருந்தவன். வாடகை வீட்டிலிருந்து ஒரு முதிய பெண்மணியை வெளியேற்றும் வழக்கில், உரிமையாளருக்காகச் சட்டப் புள்ளிகளைத் தேடித் தொகுத்தவன் நான். கால வரம்பு பற்றிய ஒரு முன்தீர்ப்பை நான் கண்டெடுத்தேன், அதுவே வழக்கை முடித்தது. அன்று மாலை என் சீனியர் பாராட்டியபோது மகிழ்ந்தேன் என்பதையும், அந்த மகிழ்ச்சி பல நாட்கள் நீடித்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இளம் வழக்கறிஞருக்குச் சட்டத்தின் ஒரு சொல்லைச் சரியாகப் பிடித்துவிட்டோம் என்பதே முதல் வெற்றி. எதிர்த்தரப்பில் நின்ற மனிதர் மெதுவாகத்தான் நினைவுக்கு வருவார். ஸ்டீவன்ஸ் 1821-இல் கெட்டவராக இருந்தார் என்று நான் கருதவில்லை. திறமையானவராக இருந்தார், அந்தத் திறமையை யாருக்காகப் பயன்படுத்துவது என்று இன்னும் தீர்மானிக்காதவராக இருந்தார்.

பிப்ரவரி 4

ஆறு மாத விதியை ஏய்ப்பது புதிய உத்தி அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிலடெல்பியா தலைநகராக இருந்தபோது ஜார்ஜ் வாஷிங்டனே தம் வீட்டு அடிமைகளை ஆறு மாதம் நிறைவதற்குள் மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார். 1788-இல் செய்யப்பட்ட திருத்தம் இத்தகைய ஏய்ப்பைத் தடுக்க முயன்றது. அந்தச் சட்டத்தின் நோக்கம் விடுதலையைப் பெருக்குவது என்று கொண்டால், சேரிட்டி பட்லரின் கணக்கே நியாயமானது. ஸ்டீவன்ஸின் வாதம் சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றி, அதன் நோக்கத்தைக் கைவிட்டது. இது என் தனிப்பட்ட தீர்ப்பு.

பிப்ரவரி 6

அவருடைய பிறப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1792 ஏப்ரல் 4 அன்று வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில்லில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கால் வளைந்திருந்தது. அண்ணனுக்கு இரண்டு கால்களும் அப்படியே. தந்தை செருப்புத் தைப்பவர், குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் சாரா நான்கு பிள்ளைகளையும் உழைத்து வளர்த்தார், பள்ளி இருக்கிறது என்பதற்காகவே பீச்சம் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். மகன் 1814-இல் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

பிறகு பென்சில்வேனியாவின் யார்க் நகரில் ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் படித்தார். அவ்வூர் வழக்கறிஞர்கள், படிக்கும் காலத்தில் வேறு தொழில் செய்தவரை ஏற்றுக்கொள்வதில்லை என்று விதி வகுத்திருந்தார்கள். பிழைப்புக்காகப் பாடம் நடத்தியதே அவருக்குத் தடையாகிவிட்டது. அவர் எல்லையைக் கடந்து மேரிலாந்தின் பெல் ஏர் நகரில் 1816-இல் தேர்வு எழுதி உரிமம் பெற்றுவிட்டுப் பென்சில்வேனியாவுக்குத் திரும்பினார். வசதி படைத்தவர்களுக்காக வகுக்கப்பட்ட விதி எப்படி நடுநிலையான உடையில் வந்து நிற்கும் என்பதை அவர் தொழிலின் வாசலிலேயே பார்த்துவிட்டார்.

பிப்ரவரி 9

அடிமை முறையைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள், ஆகவே நான் பள்ளிக்கூடத்தைப் பற்றி நீண்ட குறிப்பு ஒன்று எழுதுகிறேன், ஏனெனில் ஸ்டீவன்ஸ் என்ற மனிதர் எனக்கு முதலில் புரிந்தது அங்கேதான்.

பென்சில்வேனியாவில் 1809-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உண்டு. ஆனால் அதைப் பெறுவதற்குப் பெற்றோர் தாங்கள் ஏழைகள் என்று அரசு அலுவலரிடம் அறிவித்துப் பட்டியலில் பெயர் எழுத வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கு விலையாகக் குடும்பத்தின் மானத்தைக் கேட்ட சட்டம் அது. பல பெற்றோர் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். 1834-இல் ஆளுநர் ஜார்ஜ் வுல்ஃபின் ஆட்சியில், வரிப் பணத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பள்ளி என்ற சட்டம் வந்தது. உடனே எதிர்ப்பு வெடித்தது. பிள்ளை இல்லாதவர்கள் மற்றவர் பிள்ளைக்கு ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். தங்கள் தேவாலயப் பள்ளிகளும் மொழியும் போய்விடும் என்று ஜெர்மன் மொழி பேசிய சமூகங்கள் அஞ்சின. மனுக்கள் குவிந்தன. மாநில செனட் சட்டத்தை நீக்க வாக்களித்துவிட்டது. கீழவையிலும் நீக்கம் உறுதி என்றே எல்லாரும் எண்ணினர்.

1835 ஏப்ரல் 11 அன்று ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். நீக்கத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட மசோதா, ஏழைகளுக்குச் சூடு போட்டு அடையாளம் இடும் சட்டம் என்று பெயர் பெறத் தகுந்தது என்றார். குற்றவாளிகளைத் தண்டிக்கும் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் வரி கட்டுகிற மனிதர், தாம் குற்றமே செய்யாவிட்டாலும் அந்த வரியைக் குறை சொல்வதில்லையே, பிறகு குற்றத்தைத் தடுக்கும் கல்விக்கு மட்டும் ஏன் முணுமுணுக்கிறார் என்பதுபோல் வாதம் அமைத்தார். அவை நீக்கத்தைத் தோற்கடித்தது. ஒரே உரையில் சட்டமன்றத்தின் மனம் மாறுவது அபூர்வம், அன்று அது நடந்தது.

நான் படித்தது அரசுப் பள்ளியில். கட்டணம் கட்ட முடியாதவர் பிள்ளை என்று யாரும் என்னைத் தனி வரிசையில் நிறுத்தவில்லை. அந்த இயல்பு யாரோ ஒருவர் போராடிப் பெற்றுத் தந்த நிலை என்பதைச் சிறுவயதில் நான் எண்ணியதில்லை. பென்சில்வேனியாவில் அந்த நிலைக்காகப் போராடியவர்களில் ஸ்டீவன்ஸ் முதல் வரிசையில் நிற்கிறார்.

பிப்ரவரி 9, சற்றுப் பின்னர்

மேலே எழுதியதில் ஒன்றைக் கூர்மையாகச் சொல்ல வேண்டும். ஆளுநர் வுல்ஃப் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர், அத்துடன் ஃப்ரீமேசன் என்ற இரகசியச் சங்கத்தின் உறுப்பினர். ஸ்டீவன்ஸோ ஃப்ரீமேசன் எதிர்ப்புக் கட்சியின் கடுமையான தலைவர். அப்படிப்பட்டவர் பள்ளிச் சட்டத்தில் வுல்ஃபின் பக்கம் நின்று, ஆளுநரின் சாதனையைக் காப்பாற்றிக் கொடுத்தார். விட்டுக்கொடுக்காதவர் என்ற பட்டத்துடன் இது எப்படிப் பொருந்தும் என்று யோசியுங்கள்.

பிப்ரவரி 11

ஃப்ரீமேசன் எதிர்ப்பு என்றால் என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். 1826-இல் நியூயார்க் மாநிலத்தில், அச்சங்கத்தின் இரகசியங்களை வெளியிடப்போவதாக அறிவித்த வில்லியம் மார்கன் காணாமல் போனார். அதன் பிறகு எழுந்த சீற்றம் ஒரு கட்சியாகவே உருவெடுத்தது. ஸ்டீவன்ஸ் 1833-இல் அந்தக் கட்சியின் சார்பில்தான் மாநிலச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். இரகசிய உறுதிமொழியால் பிணைந்த குழு நீதிமன்றத்தையும் அரசையும் கையில் வைத்திருக்கக் கூடாது என்பது அவருடைய நிலை. ஆனால் முன்னாள் ஆளுநர் உள்ளிட்டோரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி அவர் நடத்த முயன்ற விசாரணை மிகையானது என்றே நான் கருதுகிறேன். சாட்சிகள் பதில் சொல்ல மறுத்தார்கள், விசாரணை சரிந்தது.

1838 டிசம்பரில் தேர்தல் முடிவைப் பற்றிய தகராறில் ஹாரிஸ்பர்க் சட்டமன்றக் கட்டடத்தைக் கூட்டம் முற்றுகையிட்டபோது, ஸ்டீவன்ஸ் சன்னல் வழியாக வெளியேறித் தப்பினார். அந்தத் தகராறில் அவருடைய கட்சியின் கணக்கும் நேர்மையானதாக எனக்குத் தோன்றவில்லை. அவரை விரும்புவோர் இந்தப் பகுதியை விரைந்து தாண்டிவிடுகிறார்கள். அது தேவையில்லை; நல்ல நோக்கங்களுக்குப் பின்னாளில் பயன்பட்ட அதே பிடிவாதம் இங்கே கட்சி ஆதாயத்துக்குப் பயன்பட்டது என்று சொன்னால் போதும்.

பிப்ரவரி 14

கேள்விக்குத் திரும்புகிறேன். அவர் எப்போது மாறினார்?

1823 ஜூலை 4 விருந்தில், அடுத்த குடியரசுத் தலைவர் ஒருபோதும் மனிதனுக்கு விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்ற பொருளில் அவர் வாழ்த்துரை சொன்னார். சேரிட்டி பட்லரின் தீர்ப்புக்கு இரண்டே ஆண்டுகள் பின்னர். அதன் பிறகு அடிமைகளைத் திரும்பப் பிடிக்க வந்தவர்களின் பக்கம் அவர் நிற்கவில்லை. தப்பி வந்தவர்களுக்காக நின்றார்.

1837, 1838-இல் மாநில அரசியலமைப்பைத் திருத்த மாநாடு கூடியது. அதுவரை சில மாவட்டங்களில் கறுப்பின ஆண்கள் வாக்களித்து வந்தார்கள். புதிய வரைவு வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டும் என்று குறுக்கியது. ஸ்டீவன்ஸ் அந்த ஆவணத்தில் கையெழுத்திட மறுத்தார். அந்த மறுப்பால் அவருக்கு எந்தப் பதவியும் கிடைக்கவில்லை, கிடைக்கும் வாய்ப்பும் இல்லை. கொள்கை பதவிக்காக வந்ததா என்று கேட்டவருக்கு நான் தரும் முதல் சான்று இதுதான்.

1842-இல் கடன் சுமையுடன் லங்காஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கே பெரிய வழக்கறிஞராக உயர்ந்தார். 1851 செப்டம்பரில் அருகிலிருந்த கிறிஸ்டியானாவில், தப்பிய அடிமைகளைப் பிடிக்க வந்த மேரிலாந்து நிலவுடைமையாளர் எட்வர்ட் கோர்சச் மோதலில் கொல்லப்பட்டார். சுமார் 40 பேர் மீது தேசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. முதலில் நிறுத்தப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளையர், மாவு ஆலைக்காரர். பிடிக்க வந்தவர்களுக்கு உதவ மறுத்தது அவர் செய்த செயல். ஹான்வேயின் வழக்கறிஞர்களில் ஸ்டீவன்ஸும் ஒருவர். ஆனால் அவருடைய பெயரே நடுவர்களைச் சினமூட்டும் என்பதால் முன்னணி வாதத்தை ஜான் ரீட் என்பவரிடம் விட்டுவிட்டுப் பின்வரிசையில் இருந்தார். சில நிமிடங்களிலேயே நடுவர் குழு ஹான்வே குற்றவாளி அல்லர் என்றது.

நீதிமன்றம் அறிந்தவர்களுக்கு இந்தப் பின்வரிசை எவ்வளவு கடினம் என்று தெரியும். தமக்கு மிக நெருக்கமான வழக்கில், கட்சிக்காரரின் நலனுக்காக வாயை மூடிக்கொண்டு உட்காருவதற்குத் தனி அடக்கம் வேண்டும்.

பிப்ரவரி 15

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், 1821-க்காக அவர் வருந்தினார் என்று சொல்வதுதானே எளிது என்று எழுதியிருக்கிறார். எளிதுதான். பல வாழ்க்கை வரலாற்றாசிரியர்களும் அந்த வழியில் போகிறார்கள். அதை மனத்தில் புரட்டிப் பார்த்ததில், வருத்தம் என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை. வருந்தியவர் அந்த வகை வழக்குகளிலிருந்து விலகிப் போயிருக்கலாம். இவர் விலகவில்லை. அதே நீதிமன்றங்களில், அதே சட்டப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, சொற்களை எதிர்த்திசையில் இழுக்கத் தொடங்கினார். ஆறு மாதம் என்ற சொல்லுக்குள் ஒரு குடும்பம் எப்படி அகப்பட்டுக்கொள்ளும் என்பதை அவரை விட நன்றாக அறிந்தவர் யார்? சட்டம் எழுதும் இடத்துக்கு அவர் போனபோது, எந்தச் சொல் எங்கே ஓட்டை ஆகும் என்று தேடும் கண்ணுடன் போனார்.

பிப்ரவரி 20

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அவர் இருந்த பகுதியை விரைவாகச் சொல்கிறேன். 1849 முதல் 1853 வரை, அக்காலத்தில் இருந்த விக் கட்சியின் உறுப்பினர். மீண்டும் 1859 முதல் இறக்கும்வரை குடியரசுக் கட்சி உறுப்பினர். வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்தில் வரி, வருவாய்க் குழுவின் தலைவர் என்ற முறையில் இராணுவத்துக்கான பணம் முழுதும் அவர் மேசையைக் கடந்தே சென்றது. 15 கோடி டாலர் காகிதப் பணத்தை வெளியிட்ட 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தை அவையில் முன்னின்று நிறைவேற்றியவரும் அவரே.

1865 டிசம்பரில் அவை கூடியபோது, தோற்ற தென் மாநிலங்கள் தங்கள் பழைய தலைவர்களையே மீண்டும் உறுப்பினர்களாக அனுப்பியிருந்தன. அவையின் செயலர் எட்வர்ட் மெக்பெர்சன் கெட்டிஸ்பர்க்காரர், ஸ்டீவன்ஸின் நம்பிக்கைக்கு உரியவர். அவர் வருகைப் பதிவை வாசித்தபோது அந்தப் பெயர்களை வாசிக்கவே இல்லை. முன்கூட்டியே திட்டமிட்டது. வாசிக்கப்படாத பெயருக்கு அவையில் இடமில்லை, வாக்கும் இல்லை.

இது ஏன் அவ்வளவு அவசரம் என்பதைக் கணக்கு மூலம்தான் விளக்க முடியும். பழைய அரசியலமைப்பில் இடங்களைப் பங்கிடும்போது அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கிட்டார்கள். அடிமை முறை ஒழிந்ததும் அவர்கள் முழுமையாக எண்ணப்படுவார்கள். ஆனால் வாக்களிக்க முடியாது. போரில் தோற்ற நிலவுடைமையாளர்கள், போருக்கு முன்பை விட அதிக இடங்களுடன் திரும்பி வருவார்கள். ஸ்டீவன்ஸ் இதைக் கண்டு கொதித்ததைப் பழிவாங்கல் என்று எழுதுவது எனக்குச் சற்றும் ஏற்பில்லை.

பிப்ரவரி 21

இனி இந்த இழையின் தலைப்புக்கு வருகிறேன். அமெரிக்க அரசியலமைப்பின் 14-ஆம் திருத்தத்தின் இறுதி வடிவம் 1866 ஜூன் 13 அன்று பிரதிநிதிகள் சபையில் வாக்குக்கு வந்தது. கறுப்பின மக்களுக்கு நேரடியாக வாக்குரிமை தராத திருத்தம் அது. வாக்குரிமையை மறுக்கும் மாநிலத்தின் இடங்களைக் குறைப்பதோடு நின்றது. அன்று ஸ்டீவன்ஸ் பேசியதை இந்த நூற்றாண்டு நாடாளுமன்ற உரைகளில் மிக உயர்ந்த ஒன்றாகக் கருதுகிறேன், அவருடைய நூற்றாண்டைச் சொல்கிறேன். ஒடுக்குமுறையின் ஒவ்வொரு தடத்தையும் நீக்கி நாட்டின் அமைப்புகளை மீண்டும் கட்டும் நாள் வரும் என்று இளமையிலிருந்து கனவு கண்டதாகவும், அந்தக் கனவு கலைந்துவிட்டதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். இவ்வளவு குறையுள்ள முன்மொழிவை ஏன் ஏற்கிறீர்கள் என்று கேட்டால், தாம் மனிதர்களுக்கிடையே வாழ்வதாலும் தேவதூதர்களுக்கிடையே வாழாததாலும் என்று பதில் சொன்னார். தம்முடன் உடன்படாதவர்களும் தம்மைப் போலவே அறிவும் உறுதியும் உடையவர்கள், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதைத் தவிர வழியில்லை என்பது தொடர்ந்து வந்த வாசகம்.

விட்டுக்கொடுக்காதவர் என்று பாடநூல் சொல்லும் மனிதர் இவர்தான். அவர் விட்டுக்கொடுத்தார்; பெற்றது பாதிதான் என்பதை அதே மூச்சில் அவைக் குறிப்பில் ஏற்றினார். பாதியைப் பெற்றவுடன் அதுவே முழுமை என்று மக்களிடம் சொல்வது அரசியல்வாதியின் வழக்கம். ஸ்டீவன்ஸ் அதைச் செய்ய மறுத்தார். அவரைப் பிடிவாதக்காரர் என்று எதிரிகள் வெறுத்ததற்குக் காரணம் இந்த மறுப்பே என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 21, நள்ளிரவு

ஒரு துணைக் குறிப்பு. 14-ஆம் திருத்தத்தின் முதல் பிரிவில் உள்ள சட்டத்தின் சமப் பாதுகாப்பு என்ற சொற்றொடர் பெரும்பாலும் ஒஹையோவின் ஜான் பிங்கமின் கைவண்ணம். ஸ்டீவன்ஸ், திருத்தத்தை வரைந்த இரு அவைகளின் கூட்டுக் குழுவில் பிரதிநிதிகள் சபைத் தரப்பின் தலைவராக அதைக் கொண்டுசெலுத்தியவர். எழுதியவருக்குரிய புகழை எழுதியவருக்குத் தர வேண்டும்.

பிப்ரவரி 24

ஸ்டீவன்ஸுக்குச் சொந்தமான கலிடோனியா இரும்பாலையைத் தென் மாநிலப் படை எரித்ததால் வந்த கோபமே அவருடைய தென் மாநிலக் கொள்கை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1863 ஜூன் 26 அன்று, கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாட்கள் முன்னர், தளபதி ஜூபல் ஏர்லியின் படை அந்த ஆலையை எரித்தது உண்மை. ஆனால் 1823 வாழ்த்துரையும் 1838-இல் கையெழுத்து மறுத்ததும் அந்தத் தீக்குப் பல ஆண்டுகள் முந்தியவை. தவிர, அந்த ஆலை ஆண்டுக்கணக்கில் நட்டத்தில் ஓடியது. அங்கே வேலை செய்த குடும்பங்களுக்காகவே அதை மூடாமல் வைத்திருந்தார். அதே ஆண்டில் சிக்கமாகாப் போரில் அவர் வளர்த்த சகோதரர் மகன் அலன்சன் இறந்தார். துயரம் அவருக்கு நிறைய இருந்தது. கொள்கை அதற்கு முன்பே இருந்தது.

பிப்ரவரி 27

லிடியா ஹாமில்டன் ஸ்மித்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். கெட்டிஸ்பர்க் அருகே பிறந்த கலப்பினப் பெண், இரண்டு மகன்களின் தாய், கணவனை இழந்தவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஸ்டீவன்ஸின் இல்லத்தை நிர்வகித்தார். அவர்களுக்கிடையே வேறு உறவு இருந்ததா என்ற கேள்வியை எதிரிகள் அன்று ஆயுதமாக்கினார்கள், திரைப்படங்கள் இன்றும் அதையே சுற்றி வருகின்றன. சான்று இல்லாத இடத்தில் நான் நுழைய விரும்பவில்லை. சான்று உள்ள செய்திகள் போதுமான அளவு சுவையானவை. ஸ்டீவன்ஸ் அவரை மற்றவர்கள் திருமதி ஸ்மித் என்றே அழைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார், கறுப்பினப் பெண்ணை அப்படி அழைக்காத காலம் அது. உயிலில் ஆண்டுக்கு 500 டாலர் அல்லது ஒரே தொகையாக 5,000 டாலர், எதை வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். அவர் தொகையைப் பெற்று, தாம் பணிபுரிந்த வீட்டையே விலைக்கு வாங்கினார். நிலமும் வீடும் வாங்கி விற்று, விடுதி நடத்தி, தம் காலத்தில் தேர்ந்த தொழில்முனைவோராக வாழ்ந்து 1884-இல் இறந்தார். அந்த வீட்டின் பின்புறத்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழாய்வு செய்தவர்கள், தப்பி வந்தவர்களை ஒளித்துவைக்கப் பயன்பட்டிருக்கலாம் என்று கருதப்படும் நீர்த்தொட்டி ஒன்றைக் கண்டெடுத்தார்கள்.

மார்ச் 2

லிங்கனுக்குப் பின் குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜான்சன் மீதான குற்ற விசாரணையைப் பற்றிச் சுருக்கமாக. 1868 பிப்ரவரி 24 அன்று பிரதிநிதிகள் சபை 126-க்கு 47 என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஸ்டீவன்ஸ் நடக்க இயலாத நிலையில் நாற்காலியில் தூக்கிச் செல்லப்பட்டார். ஏப்ரலில் தம் உரையைத் தொடங்கிக் குரல் எழாமல் நிறுத்தினார், மீதியைச் சக உறுப்பினர் பெஞ்சமின் பட்லர் வாசித்தார். பதவி நீக்கத்துக்குச் செனட்டில் 36 வாக்குகள் தேவை, 35 கிடைத்தன.

அமைச்சர் ஒருவரை நீக்கியதைக் குற்றமாகக் காட்டிய வழக்கு சட்டப்படி வலுவற்றது என்றே ஒரு முன்னாள் ஜூனியராக நான் கருதுகிறேன். ஜான்சனின் உண்மையான குற்றம், விடுதலை பெற்ற மக்களைப் பழைய எசமானர்களிடமே ஒப்படைத்தது. அதை நேராகக் குற்றப்பத்திரிகையில் எழுதும் துணிவு காங்கிரசுக்கு இல்லை. ஸ்டீவன்ஸுக்கு அந்தத் துணிவு இருந்தது, ஆனால் வாக்குகள் இல்லை.

மார்ச் 5

அவர் 1868 ஆகஸ்ட் 11 நள்ளிரவில் வாஷிங்டனில் இறந்தார். 14-ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்ததை முந்தைய மாதம் பார்த்துவிட்டார். காங்கிரஸ் கட்டடத்தின் மைய மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டது. ஹென்றி கிளே, லிங்கன் ஆகியோருக்குப் பின் அந்த மதிப்பைப் பெற்ற மூன்றாமவர் அவர். லங்காஸ்டரின் குடியரசுக் கட்சியினர், இறந்த மனிதரையே அடுத்த தேர்தலுக்கு வேட்பாளராக முன்மொழிந்து தங்கள் மரியாதையைக் காட்டினார்கள்.

பென்சில்வேனியாவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது லங்காஸ்டரில் உள்ள ஷ்ரைனர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வீடுகளுக்கிடையே மிகச் சிறிய இடம். மற்ற கல்லறைத் தோட்டங்களின் சாசன விதிகள் இனத்தால் வரம்பு வைத்திருந்ததால், தம் வாழ்நாள் முழுதும் வாதாடிய கொள்கையைச் சாவிலும் விளக்குவதற்காக இந்த இடத்தைத் தேர்ந்ததாக அவரே எழுதிவைத்த வாசகம் கல்லில் இருக்கிறது. சாசனம், வரம்பு, விதி என்று வழக்கறிஞரின் சொற்களிலேயே தம் கல்வெட்டை எழுதிய மனிதர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை. அங்கே நின்று படித்தபோது அழுதேன்.

உயிலில் இன்னொரு பகுதி உண்டு. பீச்சத்தில் தாயின் கல்லறையின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு வசந்தத்திலும் ரோஜாவும் மகிழ்ச்சி தரும் வேறு பூக்களும் நட வேண்டும் என்ற நிபந்தனையுடன் 500 டாலர் ஒதுக்கினார். எஞ்சிய சொத்திலிருந்து, நிற வேறுபாடு பார்க்காத அனாதை இல்லம் ஒன்று தொடங்க வேண்டும் என்றார். அந்த விருப்பத்தின் வழியில் 1905-இல் உருவானது இன்று லங்காஸ்டரில் தொழிற்கல்விக் கல்லூரியாக இயங்குகிறது.

மார்ச் 8

நிலத் திட்டத்தைப் பற்றி இறுதியாகக் கேட்டவருக்கு. 1865 செப்டம்பர் 6 அன்று லங்காஸ்டரில் ஸ்டீவன்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். தென் மாநிலங்களில் 200 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த சுமார் 70,000 பேரிடம் 39 கோடியே 40 லட்சம் ஏக்கர் இருந்தது. அதைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற வயது வந்த ஆண்கள் பத்து லட்சம் பேருக்குத் தலைக்கு 40 ஏக்கர் தருவது, மீதியை ஏக்கர் 10 டாலருக்கு விற்றுப் போர்க் கடனை அடைப்பது. அதே ஆண்டு ஜனவரியில் தளபதி ஷெர்மன் கடலோர நிலங்களை விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு ஒதுக்கிய ஆணையை ஜான்சன் சில மாதங்களிலேயே கவிழ்த்து, நிலத்தைப் பழைய உரிமையாளருக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.

விற்பனைக் கணக்கு எனக்கு நம்பிக்கை தரவில்லை. போரில் நொறுங்கிய நாட்டில் நிலத்தின் விலை சரிந்துகிடந்தது, அவ்வளவு ஏக்கரை 10 டாலருக்கு வாங்க ஆட்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். ஆனால் உழைத்தவர்களுக்குத் தர வேண்டிய 4 கோடி ஏக்கர் மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. கடன் அடைக்கும் பகுதியை அவர் விட்டுவிட்டு அந்தப் பத்தில் ஒரு பங்கை மட்டும் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். 1867 மார்ச்சில் அவர் மீண்டும் மசோதா கொண்டுவந்தபோது, சொந்தக் கட்சியின் வடமாநில உறுப்பினர்களே பின்வாங்கினார்கள். தெற்கில் பண்ணையைப் பங்கிட்டால் நாளை வடக்கில் ஆலைத் தொழிலாளி என்ன கேட்பார் என்ற அச்சம் அவர்களிடம் இருந்தது. வாக்குரிமையில் அவரால் சக உறுப்பினர்களைப் படிப்படியாக நகர்த்த முடிந்தது. நிலத்தில் ஓர் அடிகூட நகர்த்த முடியவில்லை. நிலம் இல்லாத வாக்குரிமையை, 1877-க்குப் பிறகு அதே பண்ணை முதலாளிகள் கூலியையும் கடனையும் வன்முறையையும் கொண்டு ஒவ்வொரு மாநிலமாகப் பறித்துக்கொண்டார்கள்.